புரண்டால் தெரியாத மெத்தை

மார்ச் 4
இன்று மெத்தைக் கடையில் தூங்கிவிட்டேன். "சும்மா படுத்துப் பாருங்க சார்" என்றார் விற்பனைக்காரர். படுத்தேன். அவர் எழுப்பியபோது என்னைச் சுற்றி ஒரு குடும்பமே நின்று வேடிக்கை பார்த்தது. தலையணை உறையில் என் எச்சில். அதற்குமேல் வாங்காமல் எப்படி வெளியே வருவது?

ஆனால் வாங்க வைத்தது அவமானம் இல்லை, அவர் சொன்ன ஒரு வரி. "மெமரி ஃபோம் சார். உடம்புச் சூட்டுக்கு இளகி, அழுத்தற இடத்துல மட்டும் இறங்கும். ஒருத்தர் புரண்டா பக்கத்துல இருக்கவங்களுக்குத் தெரியவே தெரியாது."

நம் புரளல்தான் பிரசித்தமாயிற்றே. பழைய ஸ்பிரிங் மெத்தையில் நான் ஒரு பக்கம் விழுந்தால் என் மனைவி மறுபக்கம் எழும்புவாள். "உங்க பக்கத்துல தூங்கறதும் ஓட்டை பஸ்ல நின்னுட்டே போறதும் ஒண்ணு" என்று தலையணையை எடுத்துக்கொண்டு, கல்யாணமாகிப் போன மகளின் அறைக்குப் போனாள். ஒரு வாரத்துக்கு என்றாள். மழைக்காலமே முடிந்துவிட்டது. திரும்பி வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மெத்தை கூப்பிடட்டும்.

மார்ச் 7
வந்தது. காற்றை உறிஞ்சி, பாய் மாதிரி சுருட்டி. பிரித்ததும் பெருமூச்சு விட்டு உப்பியது, விருந்து முடிந்த மைத்துனன் மாதிரி. அவள் கதவோரம் நின்று மூக்கைப் பொத்தினாள். "பெயின்ட் வாடை." போய்விட்டாள். அதற்குள் கரண்ட் போனதால் இருட்டிலேயே தடவித் தடவி விரிப்பைப் போட்டேன்.

மார்ச் 8
பலகை. சத்தியமாகப் பலகை. கடைக்குப் போன் போட்டேன். "புதுசுல கெட்டியாத்தான் சார் இருக்கும், போகப் போக இளகிடும்." மெத்தையா, நானா? கேட்கவில்லை.

மார்ச் 13
இளகுகிறது என்றே நினைக்கிறேன். அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அம்மாவுக்கு விளக்கினேன் — நுரைக்குள் பொடிப்பொடி அறைகள், காற்று மெல்ல நகரும், அதனால் ஆட்டம் பரவாது. "சார், கேக்கும்போதே தூக்கம் வருது" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு
மத்தியானம் தானாகவே வந்து ஓரமாகப் படுத்தாள்.
"உருளுங்க பாப்போம்."
உருண்டேன்.
"ம், உருளுங்க."
"உருண்டுட்டேன்டி."
"எப்போ?"
இத்தனை வருஷத்தில் இவ்வளவு இனிமையான கேள்வி அவள் கேட்டதில்லை.

மார்ச் 17
தலையணை வந்துவிட்டது. பின்னாலேயே அவளும்.

ஏப்ரல் 2
மைத்துனன் வந்தான். "அத்தான், எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லுங்க." விடுவேனா? சூடு, அழுத்தம், எடை பரவுவது, முதுகெலும்பு — ஒரு பிரசங்கமே. அவள் சிரிப்பை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "அத்தான் சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றாள். பெருமையாக இருந்தது.

ஏப்ரல் 6
படுக்கையில் காபியைக் கொட்டிவிட்டேன். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் மறைத்துவிடலாமென்று விரிப்பை உருவினேன். மெத்தையின் நட்டநடுவில், விரல் நீள எழுத்தில்: 'இந்தப் பக்கம் கீழே வர வேண்டும்.'

அப்படியானால் மெமரி ஃபோம் இத்தனை நாளும் கட்டிலுக்குத்தான் சுகம் கொடுத்திருக்கிறது.

வேறு விரிப்பைப் போட்டு ஓரங்களை அவசரமாகச் செருகினேன். திருப்பிப் போடவில்லை. இவளிடம் மூச்சு விடுவதாகவும் இல்லை. அவ்வளவு பேசின வாய், என்னவென்று சொல்லும்?

கடைசி மூலையைச் செருகும்போதுதான் உறைத்தது. தலையணையோடு வந்த அன்று, விரிப்பை மாற்றிப் போட்டவள் அவள்.