எட்டு கிராம் உப்பு

மே 12, செவ்வாய்

கத்திரி வெயில். எங்கள் ஊர் வேங்கிக்கால் முழுக்க மலைச் சூடு. ஃபேன் போட்டாலும் அனல்தான்.

வாங்க வேண்டியது: லேபிள், புனல், பெரிய அளவு ஜாடி.

மாடி வீட்டு மீனா குழந்தையோடு இறங்கி வந்தாள். ஐம்பது நாள் பெண். கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து உரிகிறது. "வேர்க்குருதான் மீனா, காத்தாட விடு" என்றேன். பெரிய டாக்டர் நான்.

பின்னாலேயே அவள் மாமியார். "கத்திரிக்கா தின்னா பால்ல எறங்காதா? வாயக் கட்டுனு சொன்னா கேக்கறதில்ல." மீனா தலை குனிந்து நின்றாள். பாவமாக இருந்தது.

நாங்கள் வீட்டில் செய்து விற்பதில் ஞாயிறன்று நான் கொடுத்த பேபி வாஷில்தான் தினம் குளிப்பாட்டுகிறாள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும்.

மே 13, புதன்

காலை ஆறு மணி. மிச்சமிருந்த பாட்டிலில் பி.எச். ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் வரவேண்டும். கருநீலம், அதாவது கடுங்காரம். இன்னொன்று வைத்தேன். அதுவும் கருநீலம்.

சனிக்கிழமை எனக்குப் பல்வலி. எப்போதும் என்னோடு சேர்ந்து கலக்கும் அண்ணி அன்று தனியாகக் கலந்தார். நான் ஸ்ட்ரிப் வைக்காமலே பாட்டிலில் ஊற்றினேன். அண்ணிக்குப் போன் போட்டேன்.

"உன் சீட்டுல இருக்கறபடிதாம்மா செஞ்சேன். உப்பு எட்டு கிராம்."

"எந்த உப்பு அண்ணி?"

"டப்பால இருக்கற தூள் உப்புதான். வேற எது?"

சீட்டு என் கையெழுத்து. 'உப்பு 8 கி.' சிட்ரிக் ஆசிட்டுக்கு இங்கே லெமன் உப்பு என்றுதான் பேச்சு. 'லெமன்' எழுதச் சோம்பல்.

நுரைக்காகச் சேர்க்கும் குளுகோசைடு தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து வருவது. மென்மையானது, அதைச் சொல்லித்தான் விற்கிறேன். ஆனால் கேனில் வரும்போது காரத்தன்மை ஜாஸ்தி. லெமன் உப்பின் புளிப்பு சேர்ந்து அந்தக் காரம் இறங்கினால்தான் தோல் தாங்கும். சமையல் உப்பு அதை ஒன்றும் செய்யாது. மூன்று நாளாக அந்தப் பிஞ்சுத் தோலில் அது.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து செங்கம் ரோடு விடுதி. அதே கலவையில் அங்கே விற்கக் கொடுத்த பத்து பாட்டிலும் திரும்பி வந்தாயிற்று. "ஒண்ணுகூடப் பிரிக்கலீங்க" என்றார் மேனேஜர். அப்பாடா.

மாடிக்கு நாளை. மாமியார் கோயிலுக்குப் போகிற நேரமாகப் பார்த்து.

மே 14, வியாழன்

பதினொரு மணிக்கு ஏறினேன். மீனா வெறும் ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பத்தியமாம்.

சொன்னேன். சீட்டு, உப்பு, ஸ்ட்ரிப், எல்லாம். "இனிமே அதத் தொடாத. வெறும் தண்ணி போதும். இப்பவே டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன். அத்தைகிட்டயும் நானே சொல்றேன்."

அவள் கை கழுவிவிட்டு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். கழுத்தில் ஓரிடத்தில் நீர் கசிந்திருந்தது.

"இன்னிக்குக் காலையிலகூட அதுலதான்க்கா குளிப்பாட்டினேன். வீறிட்டு அழுதுது. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து காலைல."