கூடை ஏறாத நாளுக்கும் கூலி

டென்னெட் குடா, மெய்ன்
ஜூன் மாதம், மூட்டம் விலகாத ஒரு ஞாயிறு

அன்பு மகள் லோர்னாவுக்கு அப்பா ஆல்மன் சொல்லி எழுத வைப்பது. இங்கே நானும் பூனையும் உன் அம்மா நட்ட ரோஜாப் புதரும் இன்னொரு குளிர்காலத்தைத் தாண்டி வந்துவிட்டோம், முழங்காலைத் தவிர வேறு ஒன்றும் குறை சொல்ல இல்லை. அந்த அரிசோனா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. அங்கே மூட்டமே கிடையாது என்று நீ சொன்னதை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. மூட்டம் இல்லாத ஊரில் ஜனங்கள் எதற்குள்ளே போய் யோசிப்பார்கள்? இங்கே நாலு நாளாகக் கடலும் இல்லை கரையும் இல்லை, எல்லாம் ஒரே பால். நண்டுக்கொட்டகை வாசலில் நின்றால் என் கையே யாரோ அந்நியன் கை மாதிரி எனக்கு முன்னால் மிதக்கிறது.

கையெழுத்தைப் பார்த்து உனக்குத் தெரிந்திருக்கும், எழுதுகிறது நம் கொட்டகையில் நண்டு உடைக்கிற வெர்னா. போன தடவை வரை பாதிரியார் சம்சாரம் எழுதினாள், அந்த அம்மாள் நான் சொல்வதை அழகாக்கிவிடுகிறாள். வெர்னா ஒரு எழுத்தும் அழகாக்க மாட்டாள். அதுபோக, நான் சொல்ல வந்த விஷயத்தில் அவள் எனக்கு எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி கையாலே எழுதி வந்தால் நீ நம்புவாய் அல்லவா, அதற்காகவும்தான். ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஃபோனில் எனக்குப் பாதிதான் வாயில் வரும், நீயும் ஆஸ்பத்திரி வேலை அவசரத்தில் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய். கொட்டகையில் பாதி உன் பேரில் இருக்கிறது, அம்மா அப்படித்தான் வைத்துவிட்டுப் போனாள், அதனால் இதை நீ நிதானமாகக் கேட்க வேண்டும்.

நம் கொட்டகையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற விதம் உனக்குத் தெரியும். படகுகள் நண்டோடு வந்தால் நான் கம்பத்தில் சிவப்புக் கூடையை ஏற்றுவேன், குடாவுக்கு அக்கரையில் இருக்கிற பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நண்டு உடைக்க வருவார்கள். மூட்டம் என்றால் தகரத்தைத் தட்டுவேன். கூடை ஏறினால் வேலை, ஏறாவிட்டால் இல்லை. என் அப்பா காலத்திலும் அப்படித்தான். இதில் ஒரு தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, காற்றில் தப்பு இருக்கிறது என்று யாராவது நினைப்பார்களா.

குளிர்காலத்தில் சட்டசபைக்கு ஒரு மசோதா வந்தது. ஆட்களுக்கு எந்தெந்த நாள் வேலை என்று முதலாளி இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், சொன்ன நாளில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினால் பாதிக் கூலி கொடுக்க வேண்டும். நம்மைப் போன்ற சின்ன இடங்கள் அதைத் தாங்காது என்று, அந்தப் பாதிக் கூலியைக் கொடுக்க பட்ஜெட்டில் ஒரு நிதியும் வைத்தார்கள், எல்லாக் கடைகளிடமும் கொஞ்சம் வரி பிடித்துச் சேர்க்கிற நிதி. சிறு தொழில்காரர் சங்கம் இரண்டையும் எதிர்த்தது. சங்கத்துக்காகச் சட்டசபையில் பேசி வாதாடுகிற பெலிண்டா க்ரோக்கெட் என்ற பெண் ஒரு டப்பா நிறைய கேக்கோடு என்னைத் தேடி வந்தாள். நல்ல பெண், முழு ராத்திரி தூங்கி மாசக் கணக்காகியிருக்கும் அவளுக்கு. பேப்பரைப் பார்த்துப் படிக்கிற எங்களைப் போன்றவர்கள் பேசினால் மசோதாவை விசாரிக்கிற குழுவில் இருப்பவர்கள் கொட்டாவி விடுகிறார்கள், கூடைக்காரர் நீங்கள் வந்து பேசினால் கேட்பார்கள் என்றாள். கடலுக்கு இரண்டு வாரம் முன்னால் தெரியுமா என்று நானும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சரி என்றேன்.

அவள் எழுதிக் கொடுத்த பேச்சை எனக்கு யார் படித்துக் காட்டுவது? வெர்னாதான். சிரிக்காதே. அந்தச் சட்டம் வேண்டும் என்று பேச அவளும் பேர் கொடுத்திருந்தாள், ஆனால் நண்டு உடைத்துக்கொண்டே எனக்கு அந்தப் பேச்சை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். ஒருமுறை காதில் விழுந்தது எனக்கு மறக்காது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் அவள் விடவில்லை, அந்த இடத்தில் குரலை இறக்குங்க, இல்லாட்டி திமிரா கேக்குது என்று திருத்தினாள். என் பேச்சில் நல்லதாக இருந்த இடமெல்லாம் அவள் திருத்தியது. இதை எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.

மார்ச் மாதம் சட்டசபை இருக்கிற அகஸ்டாவுக்குப் போனோம். அவள் வண்டி குளிரில் கிளம்பவில்லை, அதனால் என் டிரக்கில்தான் இரண்டு பேரும். வழி முழுக்கப் பனி விழுந்துகொண்டிருந்தது, விழுகிற மாதிரியே இல்லை, நாங்கள்தான் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. புளூபெர்ரி மேடுகளெல்லாம் வெள்ளையாகத் தூங்கின. உன் அம்மா நடுவில் உட்கார்ந்து வருகிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது, வெர்னாவிடம் சொன்னேன், அவளும் அதைத்தான் நினைத்தாளாம், அதனால்தான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாளாம். அவள் கட்டிக்கொண்டு வந்த முட்டை சாண்ட்விச்சில் பாதி எனக்கு. என்னை எதிர்த்துப் பேசப் போகிறவள் சாண்ட்விச் என்று கொஞ்சம் நிதானமாகத்தான் கடித்தேன்.

சட்டசபைக் கட்டிடம் உள்ளே கடலுக்கு அடியில் இருக்கிற மாதிரி. உயரத்திலிருந்து வெளிச்சம் பச்சையாக இறங்குகிறது, ஜனங்கள் சத்தமில்லாமல் அங்கும் இங்கும் நகர்கிறார்கள், யார் பேசினாலும் தூரத்து அலை மாதிரி கேட்கிறது. எனக்குக் கண் சொக்கியது. குழு அறையில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வேண்டும் என்கிறவர்கள் முதலில், வேண்டாம் என்கிறவர்கள் பிறகு, இரண்டும் இல்லாதவர்கள் கடைசியில். வெர்னா பேரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்துவிட்டேன். நம் ஊர்ப் பக்கத்தில் யாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோமோ அவர்களைத் திரும்ப வீட்டு வாசலில் விடுகிறவரை நம் பொறுப்பு அல்லவா, அந்தப் பழக்கம். அவள் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய் நின்றேன். தலைவர் என்னைப் பார்த்து நீங்களும் ஆதரவா பெரியவரே என்று கேட்டார். "இல்லைங்க, நான் எதிர்ப்பு. இவளைக் கூட்டிட்டு வந்தவன்" என்றேன். சபை முழுக்கச் சிரித்தது, பெலிண்டா மட்டும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்படியே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் அவள் பேசியதைக் கேட்டேன். அவள் ஒன்றும் படிக்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து காலையில கண்ணு முழிச்சதும் நான் முதல்ல பாக்கறது என் புருஷன் முகத்தை இல்லைங்க, இவரு கம்பத்தை" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். பிறகு புருஷன் ட்வைட்டைப் பற்றிச் சொன்னாள். அவனுக்கு ரத்தம் சுத்தம் பண்ண வாரா வாரம் பாங்கர் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரி வண்டியில் கூடப் போகிறவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்ல வேண்டும். நாள் தெரியாததால் அவள் இடம் சொன்னதே இல்லை. கூடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவன் தனியாகத்தான் போகிறான். இடம் சொல்லிவிட்டு வேலைக்கு வராமல் இருந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார், அந்த மாசம் விறகு யாருங்க வாங்கறது என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

லோர்னா, இத்தனை வருஷம் ட்வைட் தனியாகப் போவது எனக்குத் தெரியாது. அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும் என்று இப்போது சொல்கிறாள்.

பிறகு என் முறை வந்தது. சங்கம் சொல்லிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன், அவள் சொன்ன இடத்தில் குரலையும் இறக்கினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, நண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது நிஜம்தானே. முடித்ததும் குழுவில் ஓர் இளம்பெண், அந்த நிதி பட்ஜெட்டில் நின்று பாதிக் கூலியை அரசாங்கமே கொடுத்துவிட்டால் அப்போதும் வேண்டாம் என்பீர்களா என்று கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வெர்னாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். பெலிண்டா வெளியே வந்து கோபிக்கவில்லை, என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டு, பத்திரமாகப் போங்கள் தாத்தா என்றாள்.

திரும்பி வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. பனி வண்டி விளக்கின் வெளிச்சத்தில் வந்து வந்து கலைந்தது, தூக்கத்துக்குள் ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினேன். எல்ஸ்வொர்த்தைத் தாண்டினதும் நான்தான் ஆரம்பித்தேன், கடலுக்குத் தெரியாததை நான் எப்படி முன்னாலே சொல்ல முடியும் வெர்னா, எனக்குத் தெரியாதே என்று. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அந்தத் தெரியாத கஷ்டத்தை இத்தனை நாள் நான் மட்டும்தான் சும்மா சுமக்கறேன். இனிமே அதுக்குக் கூலி கொடுங்க பெரியவரே."

அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன், ட்வைட் ஜன்னலில் கை காட்டினான்.

போன வாரம் பெலிண்டா ஃபோன் பண்ணினாள். சட்டம் நிறைவேறிவிட்டது, ஆனால் நம்மைப் போன்ற சின்ன இடங்களுக்கு விலக்கு, நிதியையும் பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ஜெயித்துவிட்டோம் என்றாள், உங்கள் பேச்சுதான் என்றாள். நன்றி சொல்லி வைத்துவிட்டு மூட்டத்துக்குள்ளே போய் நின்றேன். ஜெயித்தது எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். மறுநாளே வெர்னா வந்து, எல்ஸ்வொர்த்தில் பெரிய கடையில் கூப்பிடுகிறார்கள், அங்கே வேலை நாளைச் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள், மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். வருத்தத்தோடுதான் சொன்னாள். அவள் போனால் மற்ற இரண்டு பெண்களும் நிற்க மாட்டார்கள். நண்டுச் சதையை ஓடு இல்லாமல் எடுக்க என் விரலுக்கு இனி முடியாது. கொட்டகையை மூட வேண்டியதுதான்.

நான் நினைத்திருப்பது இது. வாரத்தில் புதனும் சனியும் அவர்களுக்கு நிச்சய நாள், நண்டு வந்தாலும் வராவிட்டாலும் முழுக் கூலி. மற்ற நாள் கூடை ஏறினால், வர முடிந்தவர்கள் வரட்டும், வராவிட்டால் முகம் சுளிக்க மாட்டேன். வெர்னா ட்வைட்டோடு போகிற நாளைக்கு இடம் சொல்லி வைத்துக்கொள்ளலாம். சட்டம் என்னைக் கேட்கவில்லை, நானாகச் செய்வது. நண்டு வராத வாரங்களில் இதற்குப் பணம் கையை விட்டுப் போகும், கொட்டகைக் கூரை இந்த வருஷம் மாற்ற முடியாது, உன் பங்குக்கு வருவதும் குறையும். அதனால்தான் கேட்கிறேன். உங்கள் ஆஸ்பத்திரியிலும் நாளைச் சுவரில் ஒட்டுவார்கள் என்று நீ ஒருதரம் சொன்னாய், அப்போது நான் சிரித்தேன்.

லோர்னா வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்று வெர்னா இப்போது கேட்கிறாள், தலை நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்கிறாள். நீ வேண்டாம் என்றால் என் பாதியிலிருந்து கொடுப்பேன் என்று சொன்னேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை, தர்மம் மாதிரி இருக்கிறதாம், இரண்டு பாதியிலும் இருந்து வந்தால்தான் கூலியாம். அவள் சொல்வதும் சரிதான். ஆகவே உன் வாயால் சரி என்று வர வேண்டும், எனக்காக இல்லாமல் உனக்கே சரி என்று பட்டு வர வேண்டும்.

பிள்ளைகளை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே. மாப்பிள்ளை இருமல் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று சொல். நீ வேலை முடிந்து வந்ததும் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார், ஒன்றும் கெட்டுப்போகாது. அம்மாவும் நானும் சேர்ந்து உன் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள், நல்லா இரு. மறக்காமல் அடுத்த ஞாயிறு மத்தியானம் கொட்டகை நம்பருக்குக் கூப்பிடு, நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு, கீழே உள்ள குறியைத் தன் கையால் போட்ட
உன் அப்பா ஆல்மன்
X

லோர்னா, அவர் சொன்னதில் நான் எதையும் மாற்றவில்லை, எனக்குப் பிடிக்காத இடத்தையும் எழுதியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றாலும் எனக்கு உன்மேல் வருத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனை அவர்தான் எடுப்பார், நான் வெளியே நிற்பேன். கடைக்காரர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.
வெர்னா