கிள்ளான் என்று சொன்னேன்

வியாழன், இரவு.

துணைவேந்தராக நான் இருந்துவரும் ஆண்டுகளின் சாதனை மலரை, அச்சுக்குப் போகும் முன் இன்று ஷா ஆலம் வளாகத்தில் கடைசியாகப் பார்த்தோம். ஐந்து வளாகங்கள், மருத்துவக் கல்லூரி, விருதுகள். பார்த்து முடிப்பதற்குள் அலுத்துவிட்டது. களைப்பில், நம் பல்கலைக்கழகத்தின் முதல் வகுப்பு கிள்ளானில் நடந்தது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நடந்தது பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டு மாடியில். பதிவாளர் தேவகி அன்று என்னோடு நாற்காலி தூக்கிக்கொண்டு அந்தப் படியேறியவள். அவளே மலரில் சரியாக இருந்ததை அடித்துவிட்டு, கிள்ளான் என்று எழுதினாள்.

லிஃப்டில் கேட்டேன். "ஏன் தேவகி, பிரிக்பீல்ட்ஸ் மறந்துபோச்சா?"

"மறக்குமா டத்தோ? நீங்க சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த மாடியில், டத்தோ பட்டமெல்லாம் எனக்கு வராத காலத்தில், நான் போட்ட கால அட்டவணையை என் கண்ணெதிரே கிழித்து, "இது சரிப்படாதுலா அண்ணே" என்றவள் இவள்தான்.

பிரிக்பீல்ட்ஸ் என்றே போடச் சொன்னேன். அதற்கும் அதே குரலில், "ஓகே டத்தோ."

அடுத்து ஆட்சிக்குழுக் கூட்டம். என் பதவியை மேலும் மூன்று ஆண்டு நீட்டிக்க எல்லோரும் கை உயர்த்தினார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை என்னை வெளியே இருக்கச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.