உபாத்தியாயினி பியூலா என் மகளை எடுத்துக்கொண்டது குறித்து

அனுப்புநர்:
எலைசா நாகமுத்து,
ஞானையா மனைவி,
ஆற்றங்கரைத் தெரு, ஏரல்,
திருநெல்வேலி ஜில்லா.

பெறுநர்:
பாடசாலை இன்ஸ்பெக்டர் ஐயா அவர்கள்,
ஸ்ரீவைகுண்டம் ரேஞ்சு.

பொருள்: ஏரல் பெண்குழந்தைகள் பாடசாலைச் சிறுவகுப்பு உபாத்தியாயினி பியூலா என்பவரை உடனே தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றும்படி கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்கள் சமுகத்துக்கு,

1. மனுதாரியாகிய நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கே மிஷன் பெண் போர்டிங் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை வாசித்துத் தேறினவள். என் புருஷர் ஞானையா இந்த ஏரலைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில் என்னைக் கலியாணம் செய்தார். அவருடைய தகப்பனார் காலமாகி, ஆற்றங்கரை வாழைத்தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமற் போனபடியால், சென்ற வருஷம் சித்திரையில் இரண்டு சிறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கொழும்புவரை ரயிலிலும், அங்கிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலிலும், பிறகு மாட்டுவண்டியிலுமாக இங்கே வந்து குடியேறினோம். கப்பலில் என் மகள் கிரேஸ் இராசமணி என் கழுத்தைக் கட்டின கையை எடுக்கவேயில்லை. அப்போது அவளுக்கு நாலு வயது. தண்ணீர் கொடுக்க வந்த கப்பற்காரரைக்கூட அவள் கிட்டே அண்டவிடவில்லை. இதை ஐயா அவர்கள் தயவாய் மனதில் வைத்துக்கொண்டு மற்றதை வாசிக்க வேண்டும்.

2. வந்த வாரத்திலேயே இந்த ஊர் எனக்குக் "கொழும்புக்காரி" என்று பேர் வைத்துவிட்டது. கொழும்பில் நான் இருந்தது கப்பலுக்குக் காத்திருந்த நேரம் மட்டுந்தான். யாழ்ப்பாணத்தில் என் புருஷரை, இந்தியாவிலிருந்து வந்தவரென்று, வடக்கத்தியான் என்றபோது அவர் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டார்; எனக்கு அந்தச் சுபாவம் இல்லை. சந்தையில் நான் ஆம் என்பதற்கு எங்கள் வழக்கப்படி "ஓம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீன்காரி பக்கத்துக் கூடைக்காரியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இந்தம்மா பேசுதத கேளேன்" என்பாள். என் மகன் நேசராசாவோ ஒரே மாதத்தில் தகப்பனோடு தோட்டத்துக்குப் போய் "ஏலே, வாலே" என்று பேசத் தொடங்கிவிட்டான். ஆண்பிள்ளை, போகட்டும் என்று விட்டேன். மகள் இருக்கிறாளே என்று தைரியமாயிருந்தேன்.

3. மேற்படி பாடசாலையில் மகளைச் சேர்த்த முதல் சில நாட்கள் அவள் ஓயாமல் அழுதாள். நான் சன்னலுக்கு வெளியே வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்லுகிறேன், ஐயா, அவள் அழுதது எனக்கு ஆறுதலாயிருந்தது. ஒரு நாள் அழுகைச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். உபாத்தியாயினி பியூலா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அவர் மடியில் என் மகள் படுத்துக்கொண்டு அவருடைய பின்னலைப் பிடித்துக் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். மணலில் எழுத்து எழுத வேண்டிய நேரத்தில் மடியில் படுக்கவிடுவது எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று ஐயா அவர்கள் அவரைக் கேட்க வேண்டும்.

4. மேற்படி பியூலா பாளையங்கோட்டையில் பயிற்சி பெற்றவர், இன்னும் கலியாணம் ஆகாதவர், இருபத்திரண்டு வயதிருக்கும். பிள்ளைகள் அவரை "அக்கா" என்கிறார்கள். அவர் வாயில் எப்போதும் ஒரு பாட்டு. என் வீட்டில் இப்போது மகள் சோறு தின்பதும் அந்தப் பாட்டோடுதான், குளிப்பதும் அந்தப் பாட்டோடுதான். நான் எங்கள் ஊர்த் தாலாட்டைப் பாடினால், "அது வேண்டாம், அக்கா பாட்டுப் படி" என்கிறாள். எனக்கு அக்கா பாட்டுத் தெரியாது. கேட்டுப் படித்துக்கொள்ள என் மானம் இடங்கொடுக்கவில்லை.

5. பனை இங்கேயும் உண்டு, அங்கேயும் உண்டு. இந்த நாட்டில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். ஆகையால் தை மாதத்தில் பனங்கிழங்கு வந்தவுடன் அதைக் கிழித்துக் காயப்போட்டு, இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பெடுத்து, எங்கள் முறைப்படி ஒடியற்பிட்டு அவித்தேன். அடுத்த வீட்டுப் பாக்கியவதியம்மாள் சுவருக்கு மேலே தலை நீட்டி, "அவிச்சுத் திங்குத கெழங்க இப்பிடிப் போட்டு இடிக்கியளே, தாயே" என்று அங்கலாய்த்தார். நான் காதில் போட்டுக்கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெட்டி நிறையக் கொடுத்தனுப்பினேன். பிள்ளைகள் வாயில் வைத்துத் துப்பினார்கள். என் மகளும் துப்பினாள். மேற்படி பியூலா மாத்திரம் முழுவதையும் தின்றுவிட்டு, "நல்லா இருந்துச்சுன்னு அம்மாட்ட சொல்லு" என்று சொல்லியனுப்பினாராம். மறுநாள் பிள்ளைகளுக்கெல்லாம் உடன்குடிக் கருப்பட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்திருக்கிறார். இது வேண்டுமென்றே செய்தது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

6. எங்கள் நாட்டில் ஆறு கிடையாது, ஐயா. கிணறும், நீர் இறைக்கிற துலாவுந்தான். இந்தத் தாமிரபரணியை நான் முதலில் பார்த்தபோது இவ்வளவு தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறதே, யார் இதை நிறுத்துவார்கள் என்று பயந்தேன். இன்றைக்கும் படித்துறையில் கணுக்காலுக்கு மேலே நான் இறங்குவதில்லை. செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் மேற்படி பியூலா பெண் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு வருகிறார். "ஏட்டி மணி, பைய வா, பாசி வழுக்கும்" என்று கையை நீட்டுகிறார். என் மகள் கழுத்தளவு தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கி எழும்புகிறாள். நான் கரையில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு "குஞ்சு, குஞ்சு" என்று கத்துகிறேன். அவள் திரும்பிப் பார்த்து, "நீ வராத, ஒனக்குத் தெரியாது" என்கிறாள். இப்படிச் சொன்ன பிள்ளையைக் கண்டிக்க வேண்டியவர் அங்கே நின்று சிரித்தார்.

7. இவையெல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். கடையில் மிளகாய் வாங்கும்போது என் மகள் என் வாயைப் பொத்தி, "நீ பேசாத, நான் கேக்கேன்" என்று சொன்னதையும் பொறுத்துக்கொண்டேன். என் புருஷரிடம் சொன்னேன். "பிள்ள சந்தோசமா இருக்கால்லா, அது போதாதா?" என்றார். போதாது. எனக்குப் போதாது. பொறாமை என்று அவர் சொல்லுகிறார். ஓம், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிறது. பத்து மாதம் சுமந்தவளுக்கு இல்லாத உரிமை பத்து மணிக்கு மணியடிக்கிறவருக்கு எங்கேயிருந்து வந்தது?

8. இனி இந்த மனுவுக்கு நேரான காரணம். சென்ற மாசி மாதம் எங்கள் கோவிலில் அறுப்பின் பண்டிகை நடந்தது. சபையார் காணிக்கையாகப் படைத்த வாழைத்தார், பூசணிக்காய், சேவற்கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்தபின் உபதேசியார் பாக்கியசீலன் ஏலம் கூறுவது இங்கே வழக்கம். அந்த வருமானம் கோவிலுக்கு. கடைசியில் பாடசாலைப் பிள்ளைகள் பனையோலையில் முடைந்த சிறு கொட்டான்களை எடுத்தார்கள். முதலில் வந்தது என் மகள் முடைந்தது; ஒரு பக்கம் கோணியிருந்தது. விளிம்பில் சிவப்புச் சாயம். அதை உபதேசியார் தூக்கிக் காட்டின உடனே, நான் வாயைத் திறக்குமுன், மேற்படி பியூலா எழுந்து "ஓரணா" என்றார்.

என் பிள்ளையின் கை வேலைக்கு இவர் யார் விலை கூற? "இரண்டணா" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "மூணணா" என்றார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. "ஒரு ரூபாய்!" என்றேன். பியூலா உட்கார்ந்துவிட்டார். உபதேசியார் "ஒரு ரூவா, ஒருதரம்" என்று ஆரம்பித்தார். பியூலா உட்கார்ந்ததை நான் கவனிக்கவில்லை. எங்கே மறுபடி கேட்டுவிடுவாரோ என்ற ஆங்காரத்தில் "இரண்டு ரூபாய்!" என்று கத்தினேன். எனக்கு எதிராக நானே ஏலம் கேட்ட பைத்தியக்காரி நான். பின்வரிசையில் யாரோ, "கொழும்புக்காரி தன்னையே முந்துதாளே" என்றார்கள். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் ஒரே சிரிப்பு. என் புருஷர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு தீர்ந்திருந்தால்கூட இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். முடைந்த பிள்ளையே அதை எடுத்தவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். உபதேசியார் கொட்டானை என் மகளிடம் கொடுத்து, "போ மணி, வாங்கினவங்க கையில குடு" என்றார். அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நான் கையை நீட்டினேன். என் முழங்காலை உரசிக்கொண்டு போய், பியூலாவின் மடியில் வைத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

9. அன்று சாயங்காலம் மேற்படி பியூலா கொட்டானை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நின்றபடியே சொன்னார்: "யக்கா, ஒங்களுக்குத் தெரியாதுல்லா. எல்லாப் பிள்ளைய கொட்டானுக்கும் மொதக் கேள்வி நாந்தான் கேப்பேன். கேக்க ஆளில்லாம ஒரு பிள்ள சாமானும் நிக்கக் கூடாது பாருங்க. நான் கேட்டா, மானத்துக்காச்சும் பெத்தவங்க அதுக்கு மேல கேப்பாவ. வருசா வருசம் இதான் வழக்கம். ஒங்ககிட்ட முன்கூட்டியே சொல்லாதது என் தப்புதான்." ஊர் முழுவதுக்கும் தெரிந்த வழக்கமாம். அவர் கேட்டது விற்கத்தானாம், வாங்க அல்லவாம். எல்லாரும் சிரித்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. என் மகள் உள்ளேயிருந்து ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் நல்லவர், ஐயா. என் பெரிய குற்றச்சாட்டே அதுதான். கெட்டவராயிருந்தால் நான் பிள்ளையை நிறுத்திவிட்டு நிம்மதியாயிருப்பேன். ஒரு குறை சொல்ல வழியில்லாதபடி நல்லவராயிருக்கிறவரோடு ஒரு தாய் எப்படிச் சண்டை போடுவது?

10. பெரியவர் ஒருவருக்கு எழுத வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயாவின் விலாசம் என்ன என்று பியூலாவையே கேட்டேன். எனக்கு வேறு யாரைத் தெரியும்? எதற்கென்று நான் சொல்லவில்லை. அவர் தாமாகவே ஒன்றை நினைத்துக்கொண்டு முகம் மலர்ந்து, "எழுதுங்கக்கா, எழுதுங்க. இத்தன பிள்ளையளயும் ஒத்தையில பாக்க முடியல. நீங்க படிச்சவங்க, ஒங்களப் போட்டா நல்லா இருக்கும்" என்று விலாசத்தைச் சொல்லி, மைக்கூட்டையும் கொடுத்தார். இந்த மனு அவர் மையில் எழுதப்பட்டது என்பதையும் மறைக்க நான் விரும்பவில்லை.

11. ஆகையால் கனம் பொருந்திய ஐயா அவர்கள் மேற்படி உபாத்தியாயினியைத் தூரத்து ஊருக்கு மாற்றி உத்தரவிட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். மேலே பொருள் என்ற இடத்தில் அப்படியே எழுதியும் இருக்கிறேன். ஆனால் அந்த உத்தரவு வந்த மறுநாள் என் மகள் பாடசாலைக்குப் போய் அக்கா எங்கே என்று கேட்பாள். அழுவாள். அழுதுகொண்டு யாரிடம் ஓடி வருவாள் என்று யோசித்தேன். என்னிடம் வருவாள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அப்படியிருக்க, இருக்கிற ஒருவரையும் பிள்ளைக்கு இல்லாமற் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அதனால் மேலே கண்ட கோரிக்கையை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாக இதைக் கேட்டுக்கொள்ளுகிறேன்: மேற்படி பாடசாலையில் சிறுவகுப்புக்கு இரண்டாம் உபாத்தியாயினியாக மனுதாரியை நியமிக்க வேண்டும். என் படிப்புக்கான அத்தாட்சிகளை நேரில் காட்டத் தயாராயிருக்கிறேன். சம்பளம் வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரம் என் மகள் என் முன்னால் வந்து உட்கார வேண்டும், என் முகத்தைப் பார்க்க வேண்டும், நான் சொல்வதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று சர்க்கார் உத்தரவாகிவிடும். வீட்டில் நான் கூப்பிட்டால் அவள் வருவதில்லை, ஐயா. மணியடித்தால் வருவாள்.

தயவுசெய்து தாமதமின்றி உத்தரவிடும்படி மன்றாடுகிறேன்.

ஏரல்,
1912-ம் வருஷம் மார்ச்சு மாதம் 18-ந் தேதி.

இப்படிக்கு,
எலைசா நாகமுத்து,
கிரேஸ் இராசமணியின் தாய்.