என் சலவை நேரத்தில் பதிவான உறுமல்

அன்புள்ள குன்வோர்,

உன் முழங்கால் வலி தேவலையா? கிரூனாவில் பனி விட்டதா? நான் நலம்தான், தொண்டையைத் தவிர.

பதினெட்டு வருஷம் கழித்து எங்கள் டெத் மெட்டல் இசைக்குழு ஆல்பம் போடுகிறது. ஸ்டூடியோ எங்கள் குடியிருப்பின் நிலவறையில். பக்கத்திலேயே எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறை. மூன்று வாரமாகச் சாவைப் பற்றி உறுமுகிறேன். ஒலிப்பதிவு செய்யும் லின்னேயாவோ, "கோவமே வரலையே டோர்கெல், தாத்தா கொட்டாவி விடுற மாதிரி இருக்கு" என்கிறாள்.

நேற்று மதியம் இரண்டு மணி, முறை குறிக்கும் பலகையில் என் பூட்டை மாட்டி நான் பிடித்து வைத்திருந்த சலவை நேரம். போனால், மெஷினுக்குள் டிரம்மர் ரூனேயின் ஜட்டிகள் சுற்றுகின்றன!

"அஞ்சு நிமிஷம்தானேப்பா, ஏன் குதிக்கிற?" என்கிறான் ரூனே.

அடுத்தவன் சலவை நேரத்தில் கை வைப்பவன் மனுஷனா? கத்தித் தீர்த்துவிட்டேன். சுவருக்கு அந்தப்புறம் ஸ்டூடியோவில் மைக் அணைக்கப்படவில்லை. "இதுதான் வேணும்! இதையே வச்சுக்கலாம்" என்று லின்னேயா துள்ளுகிறாள். ஆக, கடைசிப் பாட்டில் நான் சபிப்பது சாவை அல்ல, ரூனேயின் ஜட்டியை. நல்லவேளை, எங்கள் பாட்டில் யாருக்கும் வார்த்தை புரியாது.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய். எனக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. நீ எதையாவது பேசிக்கொண்டே இரு, வைத்துவிடாதே.

காபிக்குக் கூப்பிடுகிறார்கள்,
டோர்கெல்