எண்பத்து மூன்றிலிருந்து ஒன்பதுக்கு

2014 மார்ச் 9

என் அருமைக் கறார் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அம்மாவின் முழங்கால் தவிர இங்கே எல்லாம் நலம். போனில் பேசினால் சண்டை வருகிறது, கடிதத்தில் என்றால் கொஞ்சம் நாகரிகமாகச் சண்டை போடலாம் என்று நீதான் இந்த ஏற்பாட்டைச் செய்தாய். இன்று சண்டை இல்லை, நல்ல சேதி.

இசைப் பத்திரிகையின் "மிகச் சிறந்த நூறு ஆல்பங்கள்" பட்டியல் வந்துவிட்டது. எங்கள் குழுவின் "ஈரச் சுவர்" எண்பத்து மூன்றாவது இடம்! பத்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் முதல் பட்டியல் போட்டபோது எங்களைச் சீந்தவே இல்லை. இப்போது டயர் கிடங்கில் மேனேஜரே எழுந்து வந்து கைகொடுத்தார். "பாட்டெல்லாம் வேற போடுவியாப்பா?" என்று கேட்டார். அவரிடம் நான் எத்தனை காலமாக வேலை பார்க்கிறேன்!

அம்மாவிடம் சொன்னேன். "எண்பத்து மூணா? அதுக்கு எதுக்குடா இந்த ஆட்டம்? ஸ்கூல்ல நாப்பது பேர்ல முப்பத்தெட்டாவது ரேங்க் வாங்கின. அதைவிட மோசமால்ல இருக்கு!" என்றாள்.

நடுவர்கள் நாற்பது பேரில் நீயும் ஒருத்தி. எனக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டாய். சொந்தக்காரர்களின் பாட்டைப் பற்றி ஒரு வரி விமர்சனம் எழுத மாட்டாய், ஓட்டும் போட மாட்டாய் என்பது ஊரறிந்த விஷயம். மனசுக்குள் ஓர் இடம் கொடுத்திருப்பாய், எனக்கு அது போதும். கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் சொல்வது இதுதான்: "எங்க அக்கா மட்டும் ஓட்டுப் போட முடிஞ்சிருந்தா இந்நேரம் முப்பதுக்குள்ள வந்திருக்கும்."

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் எண்பத்து மூன்றாம் தம்பி

2014 மார்ச் 20

எண்பத்து மூன்றுக்கு,

வாழ்த்துகள்டா. மேனேஜர் எழுந்து வந்தார் என்பதைப் படித்து அத்தானும் நானும் சிரித்தோம். அம்மாவுக்கு முழங்காலில் சூட்டு ஒத்தடம் கொடு. தைலத்தைத் தடவிக்கொண்டே இருந்தால் ஆகாது.

பட்டியலைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதே, எரிச்சலில் இருக்கிறேன். போன தடவை முதலிடத்தில் இருந்த ஆல்பம் இப்போது பன்னிரண்டாம் இடம். அந்தத் தட்டு என் அலமாரியில் பத்து வருஷமாக அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சுரம் கூடவில்லை, குறையவில்லை. அப்புறம் யார் அதைப் பிடித்துத் தள்ளியது? ஆளுக்குப் பத்து ஆல்பம் எழுதித் தருகிறோம், முதலில் எழுதியதற்குப் பத்து மதிப்பெண், கடைசிக்கு ஒன்று, எல்லாவற்றையும் கூட்டுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய்க் காலத்தின் தீர்ப்பு என்று பெயர்!

அடுத்த குளிர்காலத்துக்கு நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள். அந்தக் கிடங்குக் காற்று உனக்கு ஆகாது.

அன்புடன்,
அக்கா

2024 பிப்ரவரி 4

அக்கா! அக்கா! அக்கா!

ஒன்பது!

எண்பத்து மூன்றிலிருந்து ஒன்பது! இந்தத் தடவை நடுவர்கள் இருநூறு பேராம், பாதிப் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்களாம். ஒரு பெண் எங்களை முதலிடத்தில் போட்டுவிட்டு, "என் அறையில் தனியாகக் கேட்டு அழுதேன்" என்று எழுதியிருக்கிறாள். "ஈரச் சுவர்" வந்தபோது அவள் பிறந்தே இருக்க மாட்டாள்!

ஒரு கம்பெனி மறுபடியும் வெளியிடுகிறது. ஜூனில் மேடை நிகழ்ச்சி, எட்டுப் பாட்டையும் வரிசையாக வாசிக்கப் போகிறோம். கீபோர்டு வாசித்த நம் பல் டாக்டரைக் கூப்பிடப் போனேன். நோயாளியின் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே, "ஒன்பதா? நல்லது. கொஞ்சம் பெருசா திறங்க" என்றான். யாரிடம் எதைச் சொன்னான் என்றே புரியவில்லை. வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

முதல் வரிசையில் நடு இருக்கை உனக்கு. அத்தானுக்குப் பக்கத்து இருக்கை. வராவிட்டால் அம்மாவை விட்டுத் திட்டச் சொல்வேன்.

இன்னொன்று. யார் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதை இந்தத் தடவை பெயரோடு வெளியிடப் போகிறார்களாம். அடுத்த இதழில் வருகிறது. உன் பத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

ஒன்பதாம் தம்பி

2024 பிப்ரவரி 15

அன்புள்ள தம்பி,

வாழ்த்து. நன்றாக இரு. நிகழ்ச்சிக்குக் கட்டாயம் வருகிறோம்.

ஆனால் அந்தப் பட்டியல் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதலிடம், அப்புறம் பன்னிரண்டு, இப்போது அறுபத்தொன்று. என் அலமாரியில் இருக்கும் அந்த ஆல்பத்தைத்தான் சொல்கிறேன். நான் புகழ்ந்து எழுதினேன் என்பதற்காகவே ஒரு காலத்தில் ஜனங்கள் கடைக்குப் போய் அதை வாங்கினார்கள். இப்போது ஒரு பையன் எழுதுகிறான், பழைய பட்டியல் என்பது நாற்பது கிழடுகள் தங்கள் கல்லூரி நாட்களுக்குப் போட்டுக்கொண்ட மாலையாம். படித்ததும் கோபம் வந்தது. யோசித்தால் பாதி உண்மை என்று பட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

இவர்கள் மட்டும் என்ன யோக்கியம்? ஒருத்தர் தோளுக்கு மேல் இன்னொருத்தர் எட்டிப் பார்த்து எழுதுகிறார்கள். ஒரு தடவை பட்டியலில் நுழைந்துவிட்டால் அடுத்த தடவை ஏறுவது சுலபம். இருக்கட்டும். பத்து வருஷம் போனால் புதுசாக ஒரு கூட்டம் வந்து இவர்களைக் கிழடு என்று சொல்லும். அதைப் பார்ப்பதற்காகவாவது உயிரோடு இருக்கப் போகிறேன்.

அடுத்த இதழை எல்லாம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்காதே. ஒத்திகை பார். பல் டாக்டரின் விரல்கள் துருப்பிடித்திருக்கும்.

அக்கா

2024 மார்ச் 3

அக்கா,

படித்தேன்.

உன் பத்தில் நாலாவதாக "கடைசி மாடி" இருக்கிறது. அதன் பின்னட்டையில் ஒலிப்பதிவு என்று யார் பெயர் போட்டிருக்கிறது? அத்தான் பெயர். அத்தான் சொந்தம் இல்லையா? உன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாரா? அவர் வெறுமனே பட்டனை அழுத்தினார் என்று மட்டும் எழுதிவிடாதே. "அந்த ஆல்பத்தோட சத்தமே இவர்தான்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்பவள் நீ.

ஆக, கொள்கை என்று ஒன்று கிடையாது. உனக்கு "ஈரச் சுவர்" பிடிக்கவில்லை. அவ்வளவுதான், இல்லையா?

உனக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்களைச் சீந்துவாரில்லாத காலத்தில், குழு கலைந்து நான் டயர் அடுக்கப் போன காலத்தில், எங்க அக்காவுக்கு இது பிடிக்கும், கொள்கைக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்ற ஒரு நினைப்பில்தான் ஓட்டினேன். உன் காதைப் போல ஒரு காது நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் அறையில் உட்கார்ந்து அழுதாளாம், அழட்டும். அவள் யாரோ. நான் பாட்டு எழுத ஆரம்பித்ததே அடுத்த அறையில் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதற்காகத்தான்.

பிடித்ததா, பிடிக்கவில்லையா? ஒரே வரியில் எழுது. கம்பளி, ஒத்தடம் என்று மழுப்பாதே.

தம்பி

2024 மார்ச் 12

என் செல்லத் தம்பிக்கு,

பிடிக்கவில்லை.

ஒரே வரி கேட்டாய், எழுதிவிட்டேன். அதோடு விட்டால் நீ சோறு தண்ணி இறங்காமல் கிடப்பாய் என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

அத்தான் விஷயத்தில் நீ சொன்னது நியாயம். சத்தியமாக எனக்கு அது உறைக்கவே இல்லை. "கடைசி மாடி"யைக் கேட்டுக் கிறங்கிப் போய்த்தான் அதைப் பதிவு செய்த ஆளைத் தேடிப் போனேன். ஆல்பம் முதலில் வந்தது, புருஷன் பிறகுதான் வந்தார். அதனால் அவரைச் சொந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். சொன்னால் அவர் சிரிக்கிறார்.

இனி உன் ஆல்பம். போன வாரம் முழுக்க மறுபடியும் கேட்டேன், ஒன்பதாம் இடமாயிற்றே, நாம்தான் எதையோ கோட்டைவிட்டோமோ என்று. இல்லை. முதல் நாலு பாட்டும் ஒரே பாட்டுதான். பாடுகிறவர் பாவம், அவர் தலைமேல் உன் டிரம்ஸ் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வரிகளில் ஈரம், சுவர், மழை, மறுபடியும் ஈரம். ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் வழவழவென்று கேட்டு வளர்ந்தவர்கள், அதனால் உங்கள் கரடுமுரடு அவர்களுக்கு உண்மையாகக் கேட்கிறது. அது அவர்கள் காது, நான் பொய் என்று சொல்ல மாட்டேன். என் காதுக்கு அது அவசரத்தில் செய்த வேலைதான்.

ஆனால் ஆறாவது பாட்டு. தம்பி, அது என்ன பாட்டுடா! இரண்டாவது சரணத்தில் மெட்டு மேலே போகப் போகிறது என்று நாம் காத்திருக்கிறோம், அது மெல்லக் கீழே இறங்கி, விளக்கை அணைத்துவிட்டுப் போகிற மாதிரி போய்விடுகிறது. அது வந்த நாள் முதல் இன்றுவரை பாத்திரம் தேய்க்கும்போது என் வாயில் ஓடுவது அதுதான். வேண்டுமானால் அத்தானைக் கேள். அதை எழுதியவன் என் தம்பி என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும். அந்த ஒரு பாட்டு மட்டும் தனி ஆல்பமாக வந்திருந்தால் கொள்கையாவது கிள்கையாவது, முதலிடம் உனக்குத்தான்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒன்றைச் சொன்னால் மற்ற ஏழு பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டி வருமே என்றுதான் சொல்லவில்லை. கோபம் தீர்ந்ததும் எழுது.

உன் அக்கா

2024 மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். "பிடிக்கவில்லை" என்று பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். ஆனாலும் பெயிண்டர் வந்த இடத்தில் சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவன் என்னவென்று கேட்டான். சரி, ஏழு போனால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் ஆறாவது பாட்டுக்கு வந்தேன்.

அதை எழுதியது நான் இல்லை. பல் டாக்டர்தான். மெட்டும் அவனுடையது, வரியும் அவனுடையது. யார் எழுதினாலும் குழுவின் பெயரில்தான் போட வேண்டும் என்பது அந்த நாளில் எங்கள் பேச்சு. நான்தான் அதைப் பிடிவாதமாகச் சொன்னவன். உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. புது வெளியீட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாகப் பெயர் போடுகிறார்கள். அச்சில் பார்த்து நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மற்ற ஏழும் என்னுடையவை.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். "எங்க அக்காவுக்கு உன் பாட்டுன்னா உயிராம்டா" என்றேன். "எந்தப் பாட்டு?" என்று கேட்டான். பாடிக் காட்டினேன். "ஓ, அதுவா" என்றான்.

உனக்கு வயதாகிவிட்டது, காது மந்தமாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. எட்டில் அவனுடையது ஒன்றே ஒன்று, அதைத் தொட்டுக் காட்டிவிட்டாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் நிகழ்ச்சிக்கு நீ வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அதற்காக இல்லை. ஏழு பாட்டை உன் பக்கம் திரும்பாமல் எப்படியாவது வாசித்துவிடுவேன். ஆறாவது வரும்போது உன் முகத்தைப் பார்த்துவிடுவேன். அப்புறம் என்னால் வாசிக்க முடியாது.

உன் இருக்கையில் அம்மா உட்காரட்டும். அவளுக்கு எட்டுப் பாட்டும் ஒரே சத்தம்தான்.

தம்பி