திருப்பி அனுப்பிய டப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகம்தானே. இங்கே இருவரும் நலம் என்று எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை நான் நலம், அப்பாவுக்குக் காசநோய். மருந்து தொடங்கியாகிவிட்டது, பதறாதே. போனில் சொன்னால் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், முழுவதும் படி.

நீ விடுமுறைக்கு வந்திருந்தபோதே அவருக்கு இருமல் இருந்தது, தூசி தூசி என்று சொல்லியே ஓட்டினார். நீ போன பிறகும் நிற்கவில்லை, நச்சரித்து டாக்டரிடம் அனுப்பினேன், சளிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மறுநாள் வேலைக்குப் போய் ஆய்வகத்தில் மாதிரி வாங்கும் ஜன்னலில் வழக்கம்போல் உட்கார்ந்திருக்கிறேன், வந்த டப்பாக்களில் ஒன்றில் உன் அப்பா பெயர். என் கையில் கொடுக்காமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், நுரையும் தண்ணீருமாக வெறும் எச்சில். வேறு யாருடையதாக இருந்தாலும் என்ன செய்வேனோ அதையே செய்தேன், எச்சில், மறுபடி கொடுக்கவும் என்று எழுதித் திருப்பிவிட்டேன். கூட வேலை செய்யும் பெண், உங்க வீட்டு ஆள்தானே அக்கா, சும்மா போட்டுப் பாத்திடலாம் என்றாள். எச்சிலைப் போட்டால் கிருமி இல்லை என்றுதான் வரும், அவரும் நிம்மதியாக இருமிக்கொண்டிருப்பார் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அக்கம்பக்கத்தில் மானத்தை வாங்கிவிட்டேனாம். எச்சிலுக்கும் சளிக்கும் வித்தியாசம் தெரியாதா, தினமும் சாப்பிடும்போதுகூட நான் பேசுவது அதைப் பற்றித்தானே என்று கேட்டேன். "தெரியும். வியாதின்னு வந்துட்டா குட்டி பொறந்தநாளுக்கு என்னை ஏத்தி அனுப்ப மாட்டீங்களே" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. விடிந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்லி மொட்டை மாடிக்கு அனுப்பினேன், நான் தள்ளி நின்றேன். மூச்சை ஆழமாக இழுத்து நெஞ்சிலிருந்து இருமுங்கள் என்றால் தொண்டையைச் செருமி ஏமாற்றப் பார்த்தார், என்னிடம் நடக்குமா. கடைசியில் கெட்டியாக, மஞ்சளாக வந்தது. நல்லா வந்திருக்கு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், வேலைப் பழக்கம். அவரும் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி சிரித்தார். கிருமி இருக்கிறது என்ற முடிவை நான்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். குறைந்தது ஆறு மாதம் மாத்திரை, பிறந்தநாளுக்கு உங்களிடம் வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. என்னையும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை.

இனிதான் விஷயம். இங்கிருந்த நாளெல்லாம் குட்டி அவர் நெஞ்சில்தான் தூங்கினாள். அங்குள்ள டாக்டரிடம் இதைச் சொல்லி உடனே அவளைக் காட்டு, குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, வேறு வழியில் சோதிப்பார்கள். நீங்கள் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள், சளி கேட்டால் காலையில் எழுந்ததும், சாப்பிடுவதற்கு முன் எடுங்கள், மூடியை இறுக்கி மூடுங்கள். குட்டியைப் பற்றிச் சொன்னதிலிருந்து அப்பா நான் ஞாபகப்படுத்தாமலே மாத்திரை போடுகிறார். இப்போதும் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, "என்னை மாதிரி துப்பிக் குடுக்க வேணாம்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குட்டிக்கு முடிவு எதுவாக வந்தாலும் என்னிடம் மறைக்காதே, அப்பாவிடமும் மறைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா